பொஹீமியக் கண்ணாடிப் பூச்சாடி: அடியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

பழைய பொஹீமியக் கண்ணாடிப் பூச்சாடிகளைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அடியில் பெயர் இருக்கிறதா?" என்பதுதான். இந்தத் துறையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல சாடிகள் பலவற்றில் பெயரே கிடையாது. பெயர் இருப்பவற்றிலும் பல, பின்னாளில் விலையை ஏற்றுவதற்காக யாரோ பொறித்தவை. அடி, வாய், உடல், அலங்காரம், வடிவம் என்ற வரிசையில் ஒரு சாடியைப் பார்க்கப் பழகிவிட்டால் பெயர் இல்லாததும் உறுத்தாது, பொய்ப் பெயரும் ஏமாற்றாது.

பொஹீமியக் கண்ணாடி என்றால் பல நூற்றாண்டுச் சரக்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் கைக்கு வராது. இங்கே நான் எடுத்துக்கொள்வது முக்கியமாக 1890 முதல் 1914 வரை வந்த பளபளப்புச் சாடிகளை. திருப்பத் திருப்ப நிறம் மாறும், மயில்கழுத்துப் பட்டு மாதிரி. சேகரிப்பவர்கள் கூட்டம் அதிகம் மொய்ப்பதும் இவற்றில்தான், போலிகள் அதிகம் புழங்குவதும் இவற்றில்தான்.

முதலில் ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. 1918 வரை அது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. எல்லை மலைகளில் விறகுக்குக் காடு இருந்தது, மரச் சாம்பலில் இருந்து பொட்டாஷ் கிடைத்தது, குவார்ட்ஸ் கல் கிடைத்தது, அரவை எந்திரங்களைச் சுற்ற ஓடைத் தண்ணீர் இருந்தது. கண்ணாடிப் பட்டறைகள் அங்கே கூடியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்த மலைப்பகுதிகளில் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆலைகள் அரசுடைமை ஆயின. வடிவப் புத்தகங்களும் விற்பனைப் பட்டியல்களும் எங்கெங்கோ சிதறின. யார் எதைச் செய்தார்கள் என்று இன்றும் சண்டை நடப்பதற்கு இதுதான் மூலக் காரணம். இன்னொரு விளைவும் உண்டு: ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர். ஹைடா என்பதும் நோவி போர் என்பதும் ஒரே ஊர். ஸ்டைன்ஷோனாவ் என்றால் கமெனிட்ஸ்கி ஷெனோவ். எலியோனோரன்ஹைன் என்றால் லெனோரா. நோய்வெல்ட் என்றால் ஹராக்கோவ் ஊரின் நோவி ஸ்வேட். ஏலப் பட்டியல்களில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடினால்தான் பாதிச் சரக்கு கண்ணுக்குத் தப்பாது.

யார் யார் செய்தார்கள்

எல்லோரும் தேடுவது லோட்ஸ். ஆலை இருந்தது ஷுமாவா மலைப்பகுதியில் உள்ள க்ளோஸ்டர்ம்யூலே என்ற சிற்றூரில். முழுப் பெயர் 'யோஹான் லோட்ஸ் விட்வே', அதாவது யோஹான் லோட்ஸின் விதவை. கணவருக்குப் பின் ஆலையை நடத்திய சூசன்னாவின் பெயரில்தான் நிறுவனம் நின்றது. அவருடைய பேரன் மாக்ஸ் ஃபான் ஸ்பௌன் 1879-இல் பொறுப்பேற்ற பிறகுதான் உச்சக்காலம். சுடச்சுட இருக்கும் கண்ணாடி மேல் கண்ணாடி இழைகளைச் சுற்றி, கொக்கியால் இழுத்து அலை அலையாக்கும் 'ஃபெனோமென்' அலங்காரத்துக்கு 1898-இல் காப்புரிமை. 1900 பாரிஸ் கண்காட்சியில் கிராண்ட் ப்ரீ விருது. அமெரிக்காவின் டிஃபனி, பிரான்சின் காலே, டோம் ஆகிய பேர்பெற்ற கண்ணாடிக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த அரங்கம் அது. வியன்னா வடிவமைப்பாளர்கள் கோலோமான் மோசர், யோசஃப் ஹோஃப்மான் போன்றவர்களின் வடிவங்களும் இந்த உலைகளில் உருப்பெற்றன.

மற்றவர்களை இரண்டாம் தரம் என்று ஒதுக்க வேண்டாம். லெனோராவின் வில்ஹெல்ம் க்ராலிக் ஆலை ஏராளமாகச் செய்தது, நன்றாகவும் செய்தது. டெப்லிட்ஸ் பக்கத்தில் கோஸ்டென் ஊரில் இரண்டு ஆலைகள்: சாடியின் மேல் கண்ணாடி நரம்புகளை வலைபோல ஓடவிட்ட பால்மே-கோனிக், மலிவும் துணிச்சலுமாக நிறம் கலந்த ரிண்ட்ஸ்கோஃப். நரம்பு ஓடினாலே பால்மே-கோனிக் என்று விற்பவர்கள் எழுதிவிடுவார்கள். க்ராலிக்கும் நரம்புச் சாடி செய்தது என்பதை நினைவில் வையுங்கள். நோய்வெல்டின் ஹராக் ஆலைக்கு 1712-இலிருந்தே எழுத்துச் சான்று உண்டு. கார்ல்ஸ்பாட் நகரின் மோசர் நிறுவனம் 1857-இல் ஓர் அலங்காரப் பட்டறையாகத் தொடங்கியது. எனாமல் இலைகளும், ஒட்டவைத்த ஓக் கொட்டைகளும், பூச்சிகளும் இருந்தால் முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மோசர் என்பார்கள். அவற்றில் கணிசமான பங்கு ஹராக்குடையது என்று இப்போது தெரிகிறது.

இன்னொரு சிக்கல். ஹைடா, ஸ்டைன்ஷோனாவ் ஆகிய ஊர்களில் பலர் கண்ணாடியை ஊதவே இல்லை. வெற்றுச் சாடியை ஓர் ஆலையில் வாங்கி, தங்கள் பட்டறையில் வெட்டி, செதுக்கி, வண்ணம் தீட்டி விற்றார்கள். அதனால் ஒரே சாடிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கலாம், ஊதியவர் ஒருவர், அலங்கரித்தவர் வேறொருவர். அடியில் எனாமல் வண்ணத்தில் எழுதியிருக்கும் சிறு எண்களும் பெரும்பாலும் அலங்கார எண்ணோ ஓவியரின் குறியோதான். அதை ஆண்டு என்று படித்துவிடாதீர்கள்.

மேஜையில் வைத்துப் பார்க்கும் முறை

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சாதாரண டார்ச், ஒரு புற ஊதா டார்ச், அளவுகோல், மடித்துப் போட்ட துண்டு. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் சாடியைத் துண்டின் மேல் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ஊதி முடித்த சாடியின் வாயைச் சீர்படுத்த, அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்து கம்பியைத் தட்டி எடுத்தால் அங்கே ஒரு தழும்பு நிற்கும். பான்டில் தழும்பு என்பது இதுதான். லோட்ஸ் சாடிகளில் பெரும்பாலும் இந்தத் தழும்பை அரைத்து மெருகேற்றி, கட்டைவிரல் பதியும் வழவழப்பான குழியாக விட்டிருப்பார்கள். தழும்பே இல்லை என்றால் அச்சில் ஊதி, வாயை அறுத்து எடுத்த சாடியாக இருக்கலாம். அப்போது க்ராலிக், ரிண்ட்ஸ்கோஃப் பக்கம் யோசியுங்கள்.

அடியின் விளிம்பில், தரையைத் தொடும் வளையத்தில், தேய்மானம் இருக்க வேண்டும். நூறு வருடம் அலமாரியில் நகர்த்தி நகர்த்தி வைத்த சாடியில் கீறல்கள் மெல்லியவையாக, ஆளுக்கொரு திசையில் ஓடும். உப்புத்தாளில் தேய்த்து வயதாக்கிய சாடியில் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் பார்க்கும், குழிக்குள்ளேயும் ஏறியிருக்கும். தரையைத் தொடாத இடத்தில் தேய்மானம் எப்படி வரும்?

அடுத்து வாய். விரலை விளிம்பில் ஓட்டுங்கள். நெருப்பில் காட்டி உருட்டிய விளிம்பு மெத்தென்று வளைந்து, தொடக்கமும் முடிவும் தெரியாமல் போகும். ஃபெனோமென் காலத்து லோட்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். அறுத்து அரைத்த விளிம்பு தட்டையாக இருக்கும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் கோணம் தட்டும். க்ராலிக்கில் இது சகஜம், குறை அல்ல. ஆனால் நெருப்பில் முடித்திருக்க வேண்டிய சாடியில் தட்டை விளிம்பு இருந்தால் உஷார். உடைந்த வாயை அரைத்துச் சமன் செய்து, சாடியை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக்கி விற்கும் வேலை ரொம்பச் சாதாரணம். அரைத்த இடத்தில் பளபளப்புப் படலம் சட்டென்று நின்றுவிடும், கீழே உள்ள வெறும் கண்ணாடி தெரியும்.

வாயில் பித்தளையோ வெள்ளீயமோ பூண் மாட்டியிருந்தால் அது அந்தக் காலத்திலேயே கடைக்காரர்கள் மாட்டியதாக இருக்கலாம். உடைசலை மறைக்கப் பின்னால் மாட்டியதாகவும் இருக்கலாம். கழற்றாமல் உள்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது, உடல். அந்தப் பளபளப்பு பெயின்ட் அல்ல. வெள்ளி கலந்த கண்ணாடித் துகளும் இழையும் உலை வெப்பத்தில் உலோகப் பளபளப்பைக் கக்குகின்றன. அதோடு, சூடான சாடியின் மேல் வெள்ளீய உப்பு போன்றவற்றின் ஆவியைப் படியவிட்டால் மிக மெல்லிய படலம் உருவாகும். ஒளி அந்தப் படலத்தில் பட்டுப் பிரிவதால்தான் நீலமும் ஊதாவும் பொன்னும் மாறி மாறி வருகின்றன. நல்ல சாடியில் இந்த நிறம் ஆழத்திலிருந்து வருவதுபோல இருக்கும். மலிவான புதுச் சாடியில் மேலே எண்ணெய் தடவியதுபோல ஒரே சீராக மினுங்கும். அலங்காரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். லோட்ஸின் இழுத்த இழைகள் பெரும்பாலும் உடலோடு கரைந்து, மேற்பரப்பு வழுக்கிக்கொண்டு போகும். பால்மே-கோனிக் நரம்புகள் கைக்குத் தட்டுப்படும்.

அப்புறம் புற ஊதா விளக்கு. இருட்டறையில் பளீரென்று பச்சையாக எரிந்தால் யுரேனியம் இருக்கிறது. பொஹீமியாவில் ரீடல் ஆலை 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே யுரேனியத்தால் மஞ்சள், பச்சைக் கண்ணாடி செய்தது. ஆனால் இது வயதுக்குச் சான்று ஆகாது, இப்போதும் யுரேனியக் கண்ணாடி செய்கிறார்கள். இந்த விளக்கின் உண்மையான பயன் வேறு. ஒட்டிய பசை, நிரப்பிய ரெசின், பூசிய வார்னிஷ் ஆகியவை பெரும்பாலும் கண்ணாடியிலிருந்து வேறுபட்டு வெள்ளையாகவோ நீலமாகவோ ஒளிரும். மோசரின் 'அலெக்ஸாண்ட்ரைட்' கண்ணாடிக்குப் புற ஊதா விளக்கே வேண்டாம். நியோடிமியம் கலந்த அந்தக் கண்ணாடி பகல் வெளிச்சத்தில் இளம் ஊதா, டியூப் லைட்டில் நீலம்.

ஒரு பச்சைச் சாடியைப் படித்துப் பார்ப்போம்

20 செ.மீ. உயரப் பச்சைச் சாடி ஒன்று மேஜைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள் கிள்ளியதுபோல உள்ளே அமுங்கியிருக்கின்றன. மேலே முழுக்க வெள்ளி நீலப் புள்ளிகள், எண்ணெய்த் துளிகள் நெருங்கி நின்றதுபோல. வாய் மூன்று இதழாக விரிகிறது. விளிம்பு நெருப்பில் முடித்தது. அடியில் மெருகேற்றிய குழி. பெயர் இல்லை.

புள்ளி அலங்காரத்துக்கு லோட்ஸ் கொடுத்த பெயர் 'பாப்பியோன்'. அடிக் கண்ணாடியின் நிறத்துக்குத் தனிப் பெயர்: தேன் மஞ்சள் என்றால் 'காண்டியா', பச்சை என்றால் 'கிரேட்டா', ஆழ்ந்த நீலம் என்றால் 'கோபால்ட்'. ஆக நம் சாடி கிரேட்டா பாப்பியோன் ஆக வாய்ப்பு அதிகம். இங்கே நிறுத்திவிடக் கூடாது. மற்ற ஆலைகளும் புள்ளிச் சாடி செய்தன. அவற்றில் பெரும்பாலும் புள்ளிகள் சீரற்று, மங்கலாக, சில இடங்களில் திட்டாக விழுந்திருக்கும். லோட்ஸில் புள்ளிகளின் அளவும் இடைவெளியும் ஓர் ஒழுங்கில் இருக்கும், அமுக்கிய இடத்தில் மட்டும் இழுபட்டு நீளும்.

அடுத்து வடிவத்தைச் சரிபார்க்க வேண்டும். இங்குதான் லோட்ஸ் சேகரிப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஆலையில் சாடி வடிவங்களைக் காகிதத்தில் வெட்டி, எண் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றில் ஏராளமானவை தப்பிப் பிழைத்து, தொகுக்கப்பட்டு, பதிப்பிக்கவும்பட்டிருக்கின்றன. அந்த எண்ணைத்தான் ஏலப் பட்டியல்களில் உற்பத்தி எண் என்று குறிப்பிடுகிறார்கள். நம் சாடியின் பக்கவாட்டுத் தோற்றமும் உயரமும் ஒரு காகித வடிவத்தோடு ஒத்துப்போய், அலங்காரமும் சரியாக இருந்தால், பெயர் இல்லாமலேயே லோட்ஸ் என்று தைரியமாகச் சொல்லலாம். உயரம் மட்டும் குறைந்தால், வாயை மறுபடி போய்ப் பாருங்கள்.

வடிவம் ஒன்று மட்டும் ஒத்துப்போவதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். விலை போகும் வடிவத்தை எல்லோரும் காப்பியடித்தார்கள்.

இப்போது பெயருக்கு வருவோம்

லோட்ஸ் முக்கியமாக ஏற்றுமதிச் சரக்கில்தான் 'லோட்ஸ் ஆஸ்திரியா' என்று பொறித்தது. உள்நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் விற்றவை பெரும்பாலும் பெயர் இல்லாமலே போயின. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதச் சொன்னது. அடியில் நாட்டின் பெயர் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். 'ஆஸ்திரியா' என்றால் பொதுவாக 1918-க்கு முன். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றால் நிச்சயம் அதற்குப் பின், ஏனென்றால் அந்த நாடே 1918-இல்தான் பிறந்தது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இந்த முத்திரை புதிதல்ல. நாட்டின் பெயர் காலத்தைத்தான் சொல்லும், ஆலையைச் சொல்லாது. கறுப்பு விளிம்பும் பளீர் ஆரஞ்சுமாக 'டாங்கோ' என்று அழைக்கப்படும் சாடிகளில் இந்தக் குழப்பம் அதிகம். மிகயேல் போவோல்னி 1914 வாக்கில் லோட்ஸுக்கு வடிவமைத்த பாணி அது. பின்னால் க்ராலிக் உட்படப் பலர் செய்து குவித்தார்கள்.

பொறித்த பெயரை லென்ஸில் பார்க்கும்போது எழுத்தின் அழகைப் பார்க்காதீர்கள். எழுத்தும் கீறலும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய கீறல் எழுத்தின் மேல் ஏறிக் கடந்து போனால், எழுத்து முதலில் வந்தது, கீறல் பின்னால். எழுத்து பழைய கீறலை வெட்டிக்கொண்டு, ஓரங்கள் கூர்மையாக, பள்ளத்தில் வெள்ளைப் பொடி மின்ன இருந்தால் அது அண்மைக் கைவேலை. லோட்ஸ் சாடியில் டிஃபனியின் முதலெழுத்துகளைப் பொறித்து விற்ற காலம் ஒன்று உண்டு. பிறகு லோட்ஸுக்கே மவுசு கூடியதும் க்ராலிக் சாடியில் லோட்ஸ் பெயர் ஏறியது. எதிர்த்திசையிலும் வேலை நடக்கும்: பவேரியாவிலும் இங்கிலாந்திலும் 1970-களுக்குப் பிறகு இதே பாணியில் தங்கள் பெயரைப் போட்டு நேர்மையாகச் செய்தவர்களின் சாடியில் அந்தப் பெயரை அரைத்து எடுத்துவிடுவார்கள். அடியில் காரணமில்லாமல் ஒரு திட்டு மட்டும் புதிதாக மெருகேறியிருந்தால் வாங்காதீர்கள்.

சிவப்புச் சாடிகள்

பளபளப்புச் சாடி தேடப் போனால் வழியில் வெட்டு வேலை செய்த சிவப்புச் சாடிகள் நிறையக் கண்ணில் படும். ஃபிரீட்ரிஷ் எகர்மான் என்பவர் ஹைடா வட்டாரத்தில் 1832 வாக்கில் செம்பைக் கொண்டு கண்ணாடியின் மேற்பரப்பைச் சிவப்பாக்கும் முறையைக் கண்டார். நிறம் மேல்தோலில் மட்டும்தான். செதுக்கினால் நிறமற்ற கண்ணாடி வெளியே வரும். நிறக் கண்ணாடியை அடுக்காக ஏற்றிய சாடி வேறு, விலையும் அதிகம். இரண்டையும் பிரிக்க, வெட்டின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். அடுக்குக்குத் தடிமன் இருக்கும், படிபோலத் தெரியும். சாயத்துக்குத் தடிமன் கிடையாது. இந்தச் சிவப்புச் சாயச் சாடிகள் 20-ஆம் நூற்றாண்டு முழுக்க வந்தன, ஆகவே 'பழமை' என்று சொல்லப்படும் பெரும்பாலானவை தாத்தா காலத்தவை கூட அல்ல.

எதை முதலில் வாங்குவது

என் கருத்தில் முதல் சாடி க்ராலிக்காகவோ ரிண்ட்ஸ்கோஃபாகவோ இருக்கட்டும். சில நூறு டாலருக்குள் நல்லதாகக் கிடைக்கும். ஃபெனோமென் வகை நல்ல லோட்ஸ் பல ஆயிரம் டாலர் கேட்கும். படம் பார்த்து வாங்கி ஏமாறுவதற்கு அது பெரிய தொகை. ஒரு சாடியாவது கையில் இருந்தால்தான் எடை, விளிம்பு, அடி எல்லாம் விரலுக்குப் பழகும். அதற்கு முன் அருங்காட்சியகத்தில் கண்ணைப் பழக்குங்கள். செக் நாடு போகிறவர்களுக்கு ப்ராக் அலங்காரக் கலை அருங்காட்சியகமும், லோட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கஷ்பெர்ஸ்கே ஹோரி அருங்காட்சியகமும் இருக்கின்றன. எல்லை தாண்டினால் ஜெர்மனியின் பாசாவ் நகரில் பொஹீமியக் கண்ணாடிக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் உண்டு. நம் பக்கத்தில் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஐரோப்பியக் கண்ணாடிப் பிரிவைப் பார்க்கலாம்.

இணையத்தில் வாங்கும்போது அடி, வாய், உள்பக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரை விட்டுவிடுங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா, விளக்காக மாற்ற அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்களா, உள்ளே தண்ணீர் நின்று வெள்ளைப் படலம் பிடித்திருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். படலத்தில் சில வகை கண்ணாடியையே அரித்துவிட்டிருக்கும், கழுவிப் போகாது. வியன்னாவின் டோரோதேயம், ஹைல்பிரான் நகரின் ஃபிஷர் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் இணையத்தில் கிடைக்கும். கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஏல விலையோடு நிறுவனத்தின் கமிஷன், கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்த பிறகுதான் உண்மையான விலை.

வந்து சேர்ந்த பிறகு

பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சாடியின் உள்ளே மெத்தென்ற தாளைத் தளர்வாக நிரப்பினால் போதும், திணித்தால் அதுவே உடைக்கும். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த பெட்டியை உடனே பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான துணி. பாத்திரம் தேய்க்கும் நார், பொடி எதுவும் கூடாது, பளபளப்புப் படலம் கீறிவிடும். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டால் பூச்சு மங்கி, பொன் உரிந்து போகும். பொன் வரி ஓடும் இடத்தில் செலோடேப்போ ஸ்டிக்கரோ ஒட்ட வேண்டாம்.

கடைசியாகக் காகித விஷயம். நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளுக்குச் சுங்கத்தில் 9706 என்று தனித் தலைப்பு உண்டு. வயதை விற்பனையாளர் ரசீதில் தெளிவாக எழுதினால்தான் அதைக் கேட்க முடியும். இந்தியாவுக்குள் வந்த பிறகு, நூறாண்டு தாண்டிய கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் தனியாள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது சாடியையும் எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள். இறக்குமதி ரசீது, சுங்கச் சீட்டு, சாடி வந்த அன்று எடுத்த படங்கள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.